கார் ஒழுங்கைக்கு, கணக்கு எனக்கு

பலெர்மோவில் ஒரு பழைய அல்ஃபா ரோமியோவை வீட்டில் வைத்துத் திருத்துகிறவனிடம் உரிமைப் பத்திரம் ஒன்று இருக்கும். அதில் அவனுடைய பெயரும் இருக்கும். அதற்குமேல் அந்தக் காரில் அவனுக்கு எந்தப் பாத்தியதையும் கிடையாது. பொனெட்டை எப்போது திறப்பது, எதைக் கழற்றுவது, எதில் கைவைக்கக் கூடாது என்பதையெல்லாம் ஒழுங்கை தீர்மானிக்கும். காசு கட்டுகிற நேரத்தில் மட்டும் எல்லோருக்கும் என் பெயர் ஞாபகம் வந்துவிடும்.

என்னுடையது 1974ஆம் ஆண்டு ஸ்பைடர் 2000 வெலோச்சே. இரண்டு இருக்கை, துணிக் கூரை, 1962 சிசி எஞ்சின், ஐந்து கியர். உடம்பை வரைந்தது பினின்ஃபரீனா. 1966இல் ஜெனீவா கண்காட்சிக்கு இந்த ஸ்பைடர் முதன்முதலில் வந்தபோது பின்பக்கம் உருண்டு நீண்டிருந்தது. இத்தாலிக்காரர் அதற்குக் கணவாய் ஓடு என்று பட்டம் வைத்தார்கள். 1970 மாடலோடு அந்த வாலை வெட்டிவிட்டார்கள். எனக்கு வாய்த்தது வால் வெட்டினது. 'த கிராஜுவேட்' படத்தில் டஸ்டின் ஹொஃப்மன் ஓட்டித் திரிவது வால் உள்ளது. காரின் அருமை மனிசிக்கு விளங்கட்டும் என்று அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினேன். கடைசிக் கட்டத்தில் காதலியின் கலியாணத்தை நிறுத்த அவன் பறந்து போவான். பெற்றோல் முடிந்து கார் வழியில் நின்றுவிடும். மிச்சத் தூரம் கால்நடையாக ஓட்டம்.

"இஞ்சருங்கோ, படத்திலையே நிண்டுட்டுது. உதையே வீட்டை கொண்டுவந்து வச்சிருக்கிறியள்?" என்று கேட்டுவிட்டு அவள் படுக்கப் போய்விட்டாள்.

கொண்டுவந்து வைத்ததற்கு ஒரு கதை உண்டு. நான் கனகாலம் வேலை செய்த வீட்டு ஐயா ஒரு வழக்கறிஞர். அவருடைய கராச்சில் துணி போர்த்தியபடி கிடந்தது இது. வயது போய்க் கார் ஓட்டுவதை நிறுத்திய பிறகு ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "நீ ஊரில் கராச்சில் நின்றவன். உன் கைக்குப் போகட்டும். என் மகனிடம் போனால் விற்றுப் படகு வாங்கிவிடுவான்" என்றார். சாவியை வாங்கிக்கொண்டு நேரே வீட்டுக்கு வந்து சொன்னேன். மனிசி கீழே இறங்கிவந்து காரைச் சுற்றிப் பார்த்தாள். முன்மூக்கில் இருந்த சின்னத்தில் அவள் கண் நின்றுவிட்டது. அல்ஃபாவின் வட்டத்தில் ஒரு பாதி மிலான் நகரத்துச் சிவப்புச் சிலுவை, மறுபாதி விஸ்கொந்தி வம்சத்துப் பாம்பு. பாம்பின் வாயில் அரைவாசி மனிசன்.

"நயினாதீவு அம்மனிட்டையும்தான் நாகம் இருக்கு. அது ஆளை விழுங்கிறேல்லையே."

"விழுங்கேல்லை, வெளியிலை வாறான் எண்டும் சொல்லுறாங்கள்."

"உங்கடை சம்பளத்தோடை உள்ளுக்குப் போனவனாக்கும்."

முப்பது வயது தாண்டிய காருக்கு இத்தாலியில் வழக்கமான வருடாந்த வரி இல்லை என்பதை ஒரு லாபமாக எடுத்துச் சொன்னேன். "ஓடாத சாமானுக்கு வரி என்னத்துக்கு?" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

எங்கள் வீடு பல்லரோ சந்தைக்குப் பின்னால், கல் பாவிய ஒடுங்கின ஒழுங்கையில். கீழ்த்தளத்தில் ஒரு சாமான் அறை. அதற்குள் கார் நுழையும். கதவைத் திறந்து ஆள் இறங்க இடமிராது. துணிக் கூரை அதற்காகவே கண்டுபிடிக்கப்பட்டது என்பது என் கருத்து. அறையின் பெரிய மரக்கதவைத் திறந்தால் முன்பாதி ஒழுங்கைக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. முதலாவதாக வந்தவர் ஓய்வுபெற்ற மெக்கானிக் ஒருவர். ஒழுங்கைக்கே அவர் மாஸ்த்ரு. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு வந்தார், பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் போனார். மறுநாள் ஒரு கதிரையோடு வந்தார். அந்தக் கதிரை இன்னும் போகவில்லை. பின்னாலேயே மீன்காரர், ரயில்வே ஓய்வூதியர், அவருடைய மருமகன். மேலே இரண்டாம் மாடிப் பல்கனியில் ஒரு சின்யோரா. அவர் கீழே இறங்கமாட்டார். கயிற்றில் கூடை இறங்கும். இந்த ஊரில் பாணும் மரக்கறியும் அப்படித்தான் மேலே போகும். எனக்குக் கூடை நிரம்பியே இறங்கும்: கோப்பி, பழைய துணி, காலஞ்சென்ற புருசன் டாக்சி ஓட்டிய காலத்து ஸ்பனர்கள். புத்திமதி கூடையில்லாமலே இறங்கும்.

நான் தொழில் படித்தது யாழ்ப்பாணத்தில், 1990களின் பொருளாதாரத் தடைக் காலத்தில். பெற்றோல் இல்லை, ரயர் இல்லை, சாமான் இல்லை. ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மொறிஸ் மைனரும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் பூட்டிவைத்த பெற்றோலில் சில துளியைக் காபரேட்டருக்குள் விட்டு எழுப்பி, எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். ஊர் முழுக்கப் புகை. காஸ்கெட் வேண்டுமென்றால் மட்டையில் வெட்டுவோம். எங்கள் கராச்சில் எதையும் எறிந்தது கிடையாது. வளைந்த ஆணிக்குக்கூடத் தனி டப்பா இருந்தது. இதை ஒருநாள் பெருமையாக எடுத்துவிட்டேன். மாஸ்த்ரு கதிரையிலிருந்து எழும்பி வந்து இரண்டு கையாலும் பொனெட்டை மூடினார். "இந்தக் காருக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் என்று சொல்லாதே, மகனே. அதற்குக் காது கேட்கும்."

ஆனால் அவருடைய வைத்தியம் எங்கள் கராச் வைத்தியத்துக்கு அண்ணன். ஒரு மாலை முன்விளக்கு எரியவில்லை, இன்டிகேட்டர் இல்லை, வைப்பர் பாதியில் நின்றது. நான் வயர் வரைபடத்தை விரித்து மீற்றரை எடுத்தேன். அவர் எழும்பிவந்து, டாஷ்போர்டுக்குக் கீழே கைவிட்டு, ஃபியூஸ்களை ஒன்றொன்றாக விரலால் உருட்டினார். அந்தக் காலத்து ஃபியூஸ் இரண்டு முனையும் கூராக, சின்னத் தகடுகளுக்கு இடையில் சும்மா இறுக்கி நிற்கும். கடற்காற்றில் முனை களிம்பு பிடித்தால் மின்சாரம் அங்கேயே நின்றுவிடும். உருட்டினால் உரசிச் சுத்தமாகும். விளக்கெல்லாம் எரிந்தது. வைப்பர் மிச்சப் பாதியையும் துடைத்து முடித்தது. அவர் பேசாமல் போய்க் கதிரையில் இருந்தார். வரைபடத்தில் சின்யோரா அனுப்பிய கோப்பிக் குவளையை வைத்தேன்.

வால்வு வேலைதான் இந்த எஞ்சினின் உண்மையான பரீட்சை. தலையில் இரண்டு கேம் தண்டு, எட்டு வால்வு. ஒவ்வொரு வால்வுக்கும் கேமுக்கும் இடையில் ஏறக்குறைய அரை மில்லிமீற்றர் இடைவெளி விடவேண்டும். திருகாணியைத் திருப்பிச் சரிபார்க்கிற வசதி இதில் கிடையாது. சங்கிலியைத் தளர்த்தி, எஞ்சினுக்குள் விழாமல் கம்பியால் கட்டி, கேம் தண்டைத் தூக்கவேண்டும். கீழே குவளை, எண்ணெயில் ஒட்டிப் பிடித்திருக்கும், காந்தத்தை வைத்து மெல்ல இழுத்தால் ஒரு முத்தச் சத்தத்தோடு வரும். அதற்குள்ளே வால்வுத் தண்டின் தலையில் விரல் நுனியளவு உருக்குத் தொப்பி ஒன்று. அந்தத் தொப்பியின் தடிப்புத்தான் கணக்கு. தடித்தால் இடைவெளி குறையும், மெலிந்தால் கூடும். மைக்ரோமீற்றரால் அளந்து, வேறு தடிப்பில் ஒன்றை வைத்து, கேமைத் திரும்பப் பூட்டி, இடைவெளியை மறுபடி பார்க்கவேண்டும். தொப்பிகள் 0.025 மில்லிமீற்றர் வித்தியாசத்தில் கிடைக்கின்றன.

எந்தத் தொப்பி எந்த வால்வுடையது என்பது மாறக்கூடாது. அதற்கு முட்டைத் தட்டைவிடச் சிறந்த கருவி இன்னும் வரவில்லை. குசினியிலிருந்து ஒன்றை எடுத்துக் குழிக்குக் குழி நம்பர் எழுதினேன். முட்டைகள் ஒரு சட்டிக்குள் போயின. சட்டியில் இரண்டு உடைந்ததாக மனிசி சொன்னாள். "சைபர் தசம் சைபர் இருவத்தைஞ்சு பாக்கிற கண்ணுக்கு முட்டை தெரியேல்லையோ?" அன்று பின்னேரம் கூடை இறங்கியது. உள்ளே வெறும் முட்டைத் தட்டுகள், ஒரு அடுக்கு. சின்யோரா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

சாமானுக்கு வருவோம். வட இத்தாலியில் செய்த காருக்கு, சிசிலியில் இருந்துகொண்டு, ஜெர்மனியிலும் ஒல்லாந்திலும் ஓடர் கொடுக்கிறேன். பார்சல் வந்தால் ஒழுங்கையே கூடித் திறக்கும். தரைத்தகடு வாங்கிய இடத்தில் ஒருமுறை இடப்பக்கத்துக்கு வலப்பக்கத்தை அனுப்பிவிட்டார்கள். வடக்கத்தியானுக்கு இடம் வலம் தெரியாது என்று தீர்ப்பு வந்தது. துருப்பிடித்த தரையை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டியதைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. தீப்பொறி, இருமல், இடுப்பு நோவு. அவ்வளவுதான்.

வேலை நிற்கிற நேரங்களில் பேச்சு தர்கா ஃப்ளோரியோவில் போய் முடியும். வின்சென்சோ ஃப்ளோரியோ 1906இல் தொடங்கிய ஓட்டப்பந்தயம், பலெர்மோவுக்குக் கிழக்கே மடோனியே மலைகளில். சாதாரண ஊர் வீதிகள். பிற்காலத்தில் ஒரு சுற்று 72 கிலோமீற்றர். பலெர்மோவின் நாயகன் நீனோ வாக்கரெல்லா. ஆள் பள்ளிக்கூட அதிபராக இருந்தவர். 1965இல் ஃபெராரியிலும், 1971, 1975 ஆண்டுகளில் அல்ஃபாவிலும் வென்றவர். ஒரு தலைமை வாத்தியார் மலைவளைவுகளில் உலகத்து ஓட்டக்காரரை முந்துவதை எங்கள் ஊரில் எந்த மாணவன் நம்புவான்? எங்கள் ஒழுங்கையில் அவரிடம் படிக்காத ஆண்பிள்ளை கிடையாது. மீன்காரர் படித்திருக்கிறார், அவருடைய தம்பி படித்திருக்கிறார், ரயில்வேக்காரரும் படித்ததாகச் சொல்கிறார். அவருக்கும் வாக்கரெல்லாவுக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

கடைசி வேலை காபரேட்டர். இரண்டு வெபர். 1923இல் பொலோஞ்ஞாவில் எடுவார்தோ வெபர் தொடங்கிய கொம்பனியின் சரக்கு. ஒவ்வொன்றிலும் இரண்டு தொண்டை, ஆக ஒரு சிலிண்டருக்கு ஒரு தொண்டை. குசினி மேசையில் பேப்பர் விரித்துக் கழற்றிக் கழுவிப் பூட்டினேன். மேசையில் அடுத்த வாரச் சோற்றிலும் பெற்றோல் மணத்தது. பூட்டிய பிறகு நாலு தொண்டையும் ஒரே அளவு காற்றை இழுக்கவேண்டும். நாலு பேர் தேவாரம் பாடும்போது ஒருவர் மட்டும் முந்திக்கொண்டால் எப்படியிருக்குமோ அப்படி இருக்கும் சரியில்லாத வெபர். அதைக் கண்டுபிடிக்க ஒரு துண்டு றபர்க் குழாய் போதும். ஒரு முனை தொண்டையில், மறுமுனை காதில். சீறல் சத்தத்தை ஒப்பிட்டு, இரண்டு காபரேட்டரையும் இணைக்கும் திருகாணியைத் திருப்பவேண்டும்.

குழாயை நான் காதில் வைத்தது மட்டும்தான் ஞாபகம். பிறகு அது மாஸ்த்ருவிடம் போனது, மீன்காரரிடம் போனது, மருமகனிடம் போனது. முன்னது கூட இழுக்கிறது என்றார் ஒருவர். பின்னது என்றார் மற்றவர். திருகாணி அங்கும் இங்கும் போய் வந்தது. குழாய் திரும்ப என் காதுக்கு வந்தபோது மீன் மணத்தது, எஞ்சினோ மணிக்கூடாக ஓடிக்கொண்டிருந்தது. யார் சரிசெய்தது என்பதில் இன்றுவரை மூன்று கட்சி.

ஓட்டிப் பார்க்கும் நாளுக்கு முன் கண்ணூறு விவகாரம் வந்தது. மீன்காரர் கண்ணாடியில் சிவப்புக் கொம்பு ஒன்றைத் தொங்கவிட்டார். மாஸ்த்ரு நாலிலைக் குளோவர் ஒட்டினார். அதற்கு அவரிடம் சரித்திரம் இருந்தது. ஊகோ சிவோச்சி என்ற ஓட்டக்காரர் 1923இல் தன் அல்ஃபாவில் வெள்ளைச் சதுரத்துக்குள் அந்தப் பச்சை இலையைக் கீறிக்கொண்டு தர்கா ஃப்ளோரியோவை வென்றார். அதே ஆண்டு செப்ரெம்பரில் மொன்சாவில் இலை கீறாத புதுக் காரைப் பரிசோதித்தபோது விபத்தில் இறந்தார். அவர் நினைவாகத்தான் சதுரத்தில் ஒரு மூலை குறைந்து முக்கோணமானது என்பார்கள். மனிசி இதையெல்லாம் கேட்டுக்கொண்டு நாலு எலுமிச்சம்பழத்தோடு இறங்கிவந்தாள். சிசிலியில் எலுமிச்சைக்குப் பஞ்சமா? ரயருக்கு ஒன்றாக வைத்தாள். டாஷ்போர்டில் நல்லூர்க் கந்தனும், நாங்கள் மொந்தே பெல்லெக்ரினோ மலைக்கு ஏறிக் கும்பிடுகிற சாந்தா ரொசாலியாவும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள். சிசிலிக்காரருக்கு எலுமிச்சை முறை மிகவும் பிடித்துவிட்டது. இப்போது மீன்காரரின் மூன்று சில்லு வண்டியும் பழத்தில் ஏறித்தான் சந்தைக்குப் போகிறது.

இருக்கை இரண்டுதான். ஒன்றில் நான். மற்றதற்கு ஒழுங்கையில் தேர்தல் நடக்கிற அளவுக்குப் போட்டி. மனிசி வரமாட்டேன் என்றாள். மாஸ்த்ரு, எஞ்சினை வெளியே நின்றுதான் கேட்கவேண்டும் என்று கௌரவமாக விலகினார். மற்ற மூவரும் சத்தம் போட்டுக்கொண்டிருக்கையில் படிக்கட்டில் செருப்புச் சத்தம். சின்யோரா. தலையில் துணி, கண்ணில் கறுப்புக் கண்ணாடி, கையில் பை. கதவைத் திறந்து ஏறி இருந்து, "மொண்டெல்லோவுக்கு" என்றார்.

கடற்கரை வரைக்கும் ஒரு குறையும் இல்லை. நாலாயிரம் சுற்றுக்கு மேலே வெபர்கள் வாய் திறந்து பாடின. திரும்பி வரும்போது ஒரு சந்தியில் மூன்றாவதிலிருந்து இரண்டாவதுக்குத் தட்டினேன். "கர்ர்" என்று ஒரு சின்னச் சத்தம். நான் இருமி மறைத்தேன். சின்யோரா கண்ணாடியைக் கழற்றினார்.

"இரண்டாவது கியர். சிங்குறோ வளையம் தேய்ந்துவிட்டது. என் புருசனும் இருமித்தான் மறைப்பார்." பையிலிருந்து போனை எடுத்து யாரையோ அழைத்தார்.

ஒழுங்கைக்குள் திரும்பியபோது மரக்கதவு அகலத் திறந்து கிடந்தது. மாஸ்த்ரு ஜாக்கைத் தள்ளிக்கொண்டு வந்தார். ரயில்வேக்காரர் மரக்குற்றிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். மனிசி யன்னலில் நின்றாள்.

"இறக்கிற கியர்ப்பெட்டியை எங்கை வைக்கப் போறியள்?" என்று கேட்டாள். "குசினி மேசை இப்பதான் மணம் போயிருக்கு."