பாவுக்கும் பாவுக்கும் நடுவே ஒரு தீவு

போன இதழில் அந்தமான் பற்றி இரண்டு வரி எழுதினேன். காஞ்சியின் நாலு மூலையிலிருந்தும் கேள்விகள் வந்து குவிந்துவிட்டன. இந்த இதழ் முழுக்க அதற்கே.

தறிக்காரனுக்கு விடுமுறை ஏது? நாங்கள் எப்போது போவது? (பிள்ளையார்பாளையம் வாசகர்)

கடைசிச் சேலையை அறுத்த நாளுக்கும், அடுத்த பாவு பிணைக்கும் நாளுக்கும் நடுவே இருக்கிறதே, அதுதான் உங்கள் விடுமுறை. அது ஜனவரியிலிருந்து ஏப்ரலுக்குள் விழுந்தால் பெட்டியைக் கட்டுங்கள். ஐப்பசி கார்த்திகையில் தெருவில் பாவு நீட்ட முடியாது, தறிக்குழியில் தண்ணீர் ஊறும், வேலை தானாகவே நிற்கும். 'சும்மாதானே இருக்கிறோம், இப்போதே போய்விட்டு வரலாம்' என்று தோன்றும். வேண்டாம். வங்கக் கடலில் புயல் கிளம்பும் மாதங்களும் அவைதான். தீவுக்குத் தீவு ஓடும் படகுகளை நிறுத்திவிட்டால் கரையில் உட்கார்ந்து அலையை எண்ண வேண்டியதுதான்.

கப்பலா, விமானமா, ஐயா? (ஓரிக்கை வாசகர்)

போகும்போது கப்பல், வரும்போது விமானம். சென்னையிலிருந்து விமானத்தில் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். கப்பலில் ஏறக்குறைய மூன்று நாள். அந்த மூன்று நாளில் பக்கத்துப் படுக்கைக்காரர் அந்தமான் தமிழராக அமைந்துவிட்டால், எங்கே தங்கலாம், எதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்று எல்லாம் அவரே சொல்லிவிடுவார். பிறகு இந்தப் பகுதி உங்களுக்குத் தேவைப்படாது.

அங்கே தமிழ் செல்லுமா? (ஐயம்பேட்டை வாசகி)

தாராளமாக. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்புப்படி அந்தத் தீவுகளில் ஏறக்குறைய நூற்றுக்குப் பதினைந்து பேருக்குத் தாய்மொழி தமிழ். தமிழ்நாட்டிலிருந்து வேலை தேடிப் போனவர்கள், பர்மாவிலிருந்து திரும்பிவந்தவர்கள், 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கை மலையகத்திலிருந்து வந்து நிக்கோபாரின் கச்சால் தீவில் ரப்பர் மரம் சீவியவர்கள் என எத்தனையோ வழியில் போய்ச் சேர்ந்த தமிழ் அது. வெற்றிமலை முருகன் கோயிலில் ஒரு மாலை நேரம் நின்றால் போதும், ஊர் நினைப்பு வந்துவிடும்.

லாட்ஜில் தங்கலாமா, கிராமத்து வீட்டிலா? (வாலாஜாபாத் வாசகர்)

முதல் இரவும் கடைசி இரவும் போர்ட் பிளேர் லாட்ஜில் தங்குங்கள். 2024 முதல் அந்த ஊரின் பெயர் ஸ்ரீ விஜயபுரம். கடைசி இரவை ஏன் அங்கே வைக்கச் சொல்கிறேன் என்றால், படகு ஒருநாள் தவறினாலும் விமானம் தவறாது.

நடுவில் உள்ள நாட்களைக் கிராமத்துக்குக் கொடுங்கள். எல்லோரும் போவது ஹேவ்லாக், 2018 முதல் சுவராஜ் தீவு. அங்கே கடற்கரைக்கு மூன்றாம் நம்பர், ஐந்தாம் நம்பர், ஏழாம் நம்பர் என்றுதான் பெயர். ஏழாம் நம்பர்தான் புகழ்பெற்ற ராதாநகர். ரிசார்ட் வரிசையைத் தாண்டி உள்ளே நடந்தால் பாக்குத் தோப்பும் வாழையும் வயலுமாக ஊர்கள் வரும். பிரிவினையில் கிழக்கு வங்கத்தைவிட்டு வந்தவர்கள் காடு திருத்தி உண்டாக்கிய ஊர்கள் அவை. அவர்கள் வீட்டு மீன்குழம்பில் கடுகு தூக்கலாக இருக்கும். இரண்டாம் நாள் அதுவே பிடித்துப்போகும்.

இன்னும் தனிமை வேண்டுமென்றால் லாங் தீவு. அரசுப் படகில் போகலாம். ஒரே ஊர், கொஞ்சம் வீடுகள். லாலாஜி பே என்ற கடற்கரைக்குக் காட்டுக்குள் நடந்து போக வேண்டும், இல்லையென்றால் சின்னப் படகு. சாகசம் வேண்டுமென்றால், இந்த நடைதான் சாகசம். உள்ளூர்ப் பையன் ஒருவனைத் துணைக்கு அழைத்துக்கொண்டு, அவன் கூலியை முதலிலேயே பேசி, முழுதாகக் கொடுங்கள். செல்போன் சிக்னல் இருந்தால் இருக்கும். மணல் ஈ நிச்சயம் இருக்கும். காலில் தேங்காய் எண்ணெய் தடவிக்கொள்ளுங்கள்.

அங்கே நாலரை மணிக்கே எழுப்பிவிடுகிறார்களாமே? (உத்திரமேரூர் வாசகர்)

எழுப்புவது சூரியன். கடிகாரம் ஒன்றுதான் என்றாலும், நமக்குக் கிழக்கே அவ்வளவு தூரம் தள்ளியிருப்பதால் காஞ்சியைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முன்னாலேயே அங்கே விடிந்துவிடும். ஜனவரியில் மாலை ஐந்தரைக்குள் இருட்டவும் தொடங்கும். விடியுமுன் பாவு நீட்டப் போகிறவருக்கு இது பழகிய நேரம்தானே!

நீச்சல் தெரியாது. கடலுக்கடியில் இறங்கலாமா? (செவிலிமேடு வாசகி)

இறங்கலாம். முதல்முறை இறங்குகிறவரைப் பயிற்சியாளர் விடாமல் பிடித்துக்கொள்வார். ஆஸ்துமா, காதுக் கோளாறு, இதய நோய் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். நீரிலிருந்து ஏறியபின் குறைந்தது 18 மணி நேரம் விமானம் ஏறக் கூடாது. ஆகவே அதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். உவர்நீர் முதலை உள்ள தீவுகள் இவை. எச்சரிக்கைப் பலகை இருக்கும் இடத்தில், படம் எடுக்கக்கூட நீரோரம் நிற்க வேண்டாம்.

ஜாரவா பழங்குடி மக்களைப் பார்க்க முடியுமா? (சின்னக் காஞ்சிபுரம் வாசகர்)

பார்க்கப் போகாதீர்கள்.

சுண்ணாம்புக் குகை பார்க்க பாராடாங் போகும் சாலை அவர்களுடைய காட்டுக்குள் போகிறது. வண்டிகளை வரிசை கட்டித்தான் அனுப்புகிறார்கள். நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, எதையும் கொடுக்கக் கூடாது. பழங்குடிகளைக் காக்க 1956இலேயே விதிமுறை வந்துவிட்டது. இருந்தும் குகையைச் சாக்காக வைத்து மனிதர்களைத் தேடும் கண்கள் ஜன்னலோரம் இருந்துகொண்டேதான் இருக்கின்றன. அந்தப் பயணத்தையே விட்டுவிடுங்கள் என்பது என் கட்சி.

நம் தெருவை நினைத்துப் பாருங்கள். ஆட்டோவிலிருந்து இறங்கி, வாசலில் செருப்போடு நின்று, உள்ளே தறியில் கோர்வை போட்டுக்கொண்டிருப்பவரின் முகத்துக்கு நேரே போனை நீட்டுகிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். அன்றைக்கு எப்படி உடம்பு கூசியது? வேறு சிலரும் வருகிறார்கள். கேட்டுவிட்டு உள்ளே வந்து, தரையில் உட்கார்ந்து, முந்தானையைச் சேலையின் உடலோடு இணைக்கும் பேட்னி என்றால் என்ன என்று கேட்டு, காபி குடித்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் முகம் பத்து வருஷம் ஆனாலும் மறப்பதில்லை. கிராமத்து வீட்டுக்காரர் நம்மை அழைக்கிறார். ஜாரவா மக்கள் அழைக்கவில்லை. இந்த வித்தியாசம் காஞ்சிக்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

நம் பழைய இலக்கியத்தில் தீவில் தங்கியவர் உண்டா? (பெரிய காஞ்சிபுரம் மாணவி)

உண்டு, மகளே. மணிமேகலை கடைசியில் வந்து சேர்ந்தது நம் காஞ்சிக்குத்தான். அந்தக் காப்பியத்திலேயே சாதுவன் வருகிறான். கைப்பொருளைத் தொலைத்துவிட்டு வங்கம் ஏறுகிறான், கப்பல் உடைகிறது, ஒடிந்த மரத்தைப் பற்றிக்கொண்டு நாகர் மலையில் கரை ஒதுங்குகிறான். அது நிக்கோபார் என்போரும் உண்டு. தின்ன வந்தவர்களிடம் அவன் அவர்கள் மொழியிலேயே பேசுகிறான். உயிர் பிழைக்கிறான், தலைவன் முன் போகிறான். கள்ளும் ஊனும் கொடுத்தபோது மறுத்து, ஏன் மறுக்கிறேன் என்பதையும் பொறுமையாகச் சொல்கிறான். கடைசியில் பரிசுப் பொருளோடு புகாருக்குத் திரும்புகிறான். நீச்சலைவிட அவனைக் காப்பாற்றியது மொழிதான் என்று நினைக்கிறேன். கிளம்புமுன் வங்காளத்தில் நாலு வார்த்தை, இந்தியில் நாலு வார்த்தை கற்றுக்கொள்.

பேத்திக்குப் பவளமும் சங்கும் பொறுக்கி வரலாமா? (வாலாஜாபாத் வாசகி)

கூடாது, பாட்டி. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குச் சட்டத்தின் காவலில் இருக்கிறது, விமான நிலையத்திலேயே பிடித்துவிடுவார்கள். கரையில் செத்துக் கிடக்கும் சங்குக்குள்ளும் துறவி நண்டு குடியேற வரும். அதன் வீட்டை நாம் எடுத்து வர வேண்டாம்.

தங்கும் வீட்டுக்கு என்ன வாங்கிப் போவது? (பிள்ளையார்பாளையம் வாசகர், மறுபடியும்)

வாங்க வேண்டாம். சேலை அறுத்தபின் மிஞ்சும் பட்டுத் துண்டில் வீட்டம்மாவை ஒரு சுருக்குப் பை தைக்கச் சொல்லுங்கள். கொடுக்கும்போது, இது எங்கள் தறியில் நெய்தது என்று உங்கள் கையைக் காட்டுங்கள்.