செட்டாப் பெட்டி வழிகாட்டியில் வெற்றுக் கட்டங்கள் தோன்றுமாறு

பெங்களூருவில் அல்சூரை ஒட்டிய மர்பி டவுனில் தமிழ் பேசும் வீடு ஒன்றின் கேபிள் பெட்டியைக் கொள்க. ரிமோட்டில் 'கைடு' பொத்தானை அழுத்தினால், தமிழ் சீரியல் சேனலின் வரிசை அடுத்த வாரம்வரை நிரம்பி வழிகிறது. கன்னடச் செய்தி சேனலுக்கு நேரே 'தகவல் இல்லை' என்று நிற்கிறது. பெட்டி பழுது என்பாரும், கேபிள்காரர் ஏய்க்கிறார் என்பாரும் உளர். பெட்டி பழுதென்றால் சீரியல் வரிசையும் காலியாக வேண்டும். கேபிள்காரருக்கோ கட்டத்தைக் காலியாக விடுவதால் காலணா லாபமில்லை. வெற்றுக் கட்டம் என்பது அவ்வீட்டார் டி.வி. பார்த்த வரலாறு என்பதே இவ்வாய்வின் துணிபு.

என்னை எனின், 2013 மார்ச் 31 என்று கெடு வைத்துப் பெங்களூரு டிஜிட்டல் கேபிளுக்கு மாறியபின், நிகழ்ச்சிப் பட்டியலும் படத்தோடு சேர்ந்தே வருகிறது. டி.வி.பி. எனும் டிஜிட்டல் ஒளிபரப்புத் தரமுறைப்படி அது இருவகைத்து. 'இப்போது, அடுத்து' எனும் சிறுபட்டியல் 2 நொடிக்கு ஒருமுறையேனும் திரும்ப வரவேண்டும். ஆகவே சேனலை மாற்றியதும் நிகழ்ச்சியின் பெயர் தெரிந்துவிடுகிறது. நாள்கணக்கில் நீளும் பேரட்டவணையை அனுப்பியே தீரவேண்டும் என்ற கட்டாயம் இல்லை. அனுப்பினாலும், ஒரு ஃபிரீக்வென்சியில் ஏறிய சேனல்களின் அட்டவணை பல இடங்களில் அதே ஃபிரீக்வென்சிக்குள்தான் சுற்றும். மலிவான பெட்டிக்கு ட்யூனர் ஒன்றே; ஒரு நேரத்தில் ஒரு ஃபிரீக்வென்சியைத்தான் அது பிடிக்கும். எந்தத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறதோ, அந்த வீட்டுச் சேதிதான் அதற்குத் தெரியும்.

அற்றேல், வீட்டில் ஒருவரும் சீந்தாத டெலிஷாப்பிங் சேனலின் வரிசை மட்டும் நிரம்பியிருப்பது எப்படி என்று மடக்குவர். அது சீரியல் சேனலோடு ஒரே ஃபிரீக்வென்சியில் ஏறி வந்தது. மருமகளோடு கூட வந்த பெட்டிபோல் உள்ளே புகுந்துவிட்டது. இது துணிபுக்கு அரணே. 'ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க' என்ற உலகப்பொது வைத்தியமும் இங்கே வினையாகிறது. பல பெட்டிகளில் அட்டவணை தங்குவது மின்சாரம் போனால் அழியும் நினைவகத்தில். சுவர் சுவிட்சைத் தட்டினால் சேர்த்ததும் போயிற்று. கட்டம் நிரம்பியும் இரவு 8 மணிச் செய்தி பிற்பகல் 2.30-க்கு நேரே நின்றால் அது வேறு நோய்: தரமுறை நேரத்தை உலகப் பொது நேரத்தில் அனுப்புகிறது, பெட்டி நமது ஐந்தரை மணியைக் கூட்ட மறந்திருக்கிறது. அமைப்புப் பக்கத்தில் நேர மண்டலத்தைத் திருத்தினால் தீரும்.

வெற்றுக் கட்டத்துக்கு மருந்து, காலியாக உள்ள சேனல் ஒவ்வொன்றிலும் ஓரிரு நிமிடம் தங்கி வருவது. இரவில் ஸ்டாண்ட்பையில் விட்டால் தானே சுற்றிவந்து சேர்க்கும் பெட்டிகளும் உண்டு. கரண்ட் பில்லுக்கு அஞ்சிப் படுக்கப்போகுமுன் சுவிட்சை அணைக்கும் வீட்டில் அவற்றின் திறமை எடுபடாது. விளம்பர இடைவேளையில் சுற்றிவரலாமே என்பார்க்கு விடை: சீரியல் மறுபடி தொடங்கும் முதல் நொடியைத் தவறவிடாமல் திரும்புவதாக உறுதி தந்தாலன்றி, அந்நேரத்தில் ரிமோட் எவர் கைக்கும் வாராது.