ஹோம்ஸ்டே கட்டுற பேராண்டிக்கு

பேராண்டி, நம்ம மலையில பிரிஞ்சாங் பக்கம் ஹோம்ஸ்டே கட்டுறியாமே! சரிவுல நின்ன மரத்தையெல்லாம் மொட்டை அடிச்சுட்டு, மண்ணைச் சட்டுனு பச்சையா மூட என்ன நடலாம்னு என்கிட்ட கேக்குறே. நல்ல ஆளைப் பாத்துத்தான் கேட்டே.

நீ ஒண்ணும் நடாதே. கையைக் கட்டிக்கிட்டு நில்லு, மைக்கேனியா கொடி தானா வந்துரும். நிழல் கட்டின காட்டுக்குள்ள அதுக்கு வேலையில்ல; யாராவது மரத்தைச் சாய்ச்சு வெயிலை உள்ள விடணும். அந்த உபகாரத்தைத்தான் நீ பண்ணிட்டியே! வெள்ளை வெள்ளையாப் பூக்கும், விதை பஞ்சைக் கட்டிக்கிட்டுப் பறக்கும், இளங்கொடி ஒரு நாளைக்கு 8, 9 சென்டிமீட்டர்கூட ஓடும். உங்க பாட்டி குடியுரிமைக்காகச் சிவப்பு ஐசியை நீலமா மாத்த ஆபீஸ் ஆபீஸா நடந்தா. தென்னமெரிக்காவுல இருந்து வந்த இதுக்கு ஒரு பாரம்கூட நிரப்ப வேணாம்.

உன் யோசனை புதுசுன்னு மட்டும் நினைச்சுக்காதே. 1949ல பராகுவேல இருந்து இதை ஜாவாவுல போகோர் தோட்டத்துக்குக் கொண்டாந்தவங்களும், 1956ல ரப்பர் மரத்தடியில மண்ணை மூட விட்டவங்களும் உன்னைவிடப் படிச்சவங்கதான். மண்ணையும் மூடிச்சு, மரத்தையும் அமுக்கிச்சு.

தேயிலை மட்டும் இந்த ஊரான்னு கேப்பே. 1929ல ரஸ்ஸல் துரை போ தோட்டம் போட்ட நாள்ல இருந்து அதுவும் வெளியூர்தான், நம்மளப்போல. ஆனா அதைக் கவாத்துக் கத்தியால இடுப்பு உசரத்துல நிறுத்தி வெச்சிருக்கோம். இந்தக் கொடி தேயிலை மேல ஏறி உக்காந்துச்சுன்னா கொழுந்து எடுக்குற கை கொடியைத்தான் பிச்சுக்கிட்டு நிக்கும். காட்டோரத்துல முளைச்ச கன்னுங்க வெளிச்சமில்லாம சாகும். கன்னு போனா பழம் போச்சு, பழம் போனா குருவி போச்சு. உன் விளம்பரப் பலகையில வரைஞ்ச குருவி மட்டும் மிஞ்சும்.

அப்புறம், தொட்டியில மிஞ்சின ஆகாயத் தாமரையை ரிங்லெட் ஏரியில விட்டுடு, புண்ணியம்! 1963ல கட்டின சுல்தான் அபு பக்கார் அணையால தேங்கின ஏரி அது. மேல காய்கறித் தோட்டத்துல போடுற உரமெல்லாம் அங்கதான் இறங்குது, சாப்பாட்டுக்குப் பஞ்சமில்ல. தண்ணியை மூடி மீனோட மூச்சை நிறுத்தட்டும். அள்ளி அள்ளிக் கரையில போட, அங்க மின்சாரம் எடுக்குற தெனாகாவுக்கு வேற என்ன வேலை!

கோவிச்சுக்காதே. வெட்டின மரத்தோட கன்னுங்களையே தேடிப் பிடிச்சு நடு. கொடி தலைகாட்டினா பூக்குறதுக்கு முன்ன வேரோட பிடுங்கு. பிடுங்கினதைப் பக்கத்துக் காட்டுல வீசாதே, ஒரு கணு மண்ணைத் தொட்டாலும் வேர் விடும். சாக்குல கட்டி வெயில்ல போட்டு நல்லாக் காயவை.