வயிறு இன்னும் பெரட்டுக்குப் போகுது

மாப்ளே, தீவாளி முறுக்கை மட்டும் குறை சொல்லாதீங்க. அது பாவம், ஈப்போ புந்தோங்குல பொறந்து, டப்பாவுல அடைபட்டு, நாடு பூரா சுத்தி வந்து, கடைசியில உங்க தொப்பைக்கும் பழி சுமக்கணுமா? "பண்டிகை வந்தாலே வெயிட்டு ஏறிடுது அத்தை"ன்னு நீங்க சொன்னதும் உங்க அத்தை நம்பிட்டா. அவ யாரைத்தான் நம்பல, என்னையே கட்டிக்கிட்டவதானே. நான் காலண்டரை எடுத்துப் பார்த்தேன்.

2025-ஐயே வெச்சுக்குவோம். ஜனவரி 14 பொங்கல், 29 சீனப் புத்தாண்டு, பிப்ரவரி 11 தைப்பூசம், மார்ச் 31 ஹரிராயா, அக்டோபர் 20 தீவாளி, டிசம்பர் 25 கிறிஸ்மஸ். ஆக ஆறே நாளு. சீனவங்க பதினஞ்சு நாளு கொண்டாடறாங்க, ராயா விருந்து ஒரு மாசம் நடக்குது, தீவாளிக்கும் ஆபீஸ்ல ஒண்ணு, கோயில்ல ஒண்ணு, ஒய்.பி. வீட்ல ஒண்ணுன்னு திறந்த இல்லம் வெக்கிறாங்க. எல்லாத்தையும் தாராளமாக் கூட்டினாலும் ரெண்டு மாசம்தான் வருது. மிச்சம் பத்து மாசம் என்ன தின்னீங்க? அதை எந்தச் சாமி தலையில கட்டப் போறீங்க?

என் மக சொல்லிட்டா. காலையில ரொட்டி சானாய் ரெண்டு, தே தாரிக் ஒண்ணு. பத்து மணிக்கு மீட்டிங்ல கரிப்பாப். மத்தியானம் வாழையிலைச் சோறு. நாலு மணிக்கு பீசாங் கோரேங். ராத்திரி பதினோரு மணிக்கு இங்கிலாந்துக்காரன் பந்து விளையாடுறதைப் பார்க்க மமாக் கடையில மீ கோரேங், மைலோ அய்ஸ். ஓடுறது அவன், பசிக்கிறது உங்களுக்கு.

நான் சும்மா வாய்க்கு வந்ததைப் பேசல. 2019-ல சுகாதார அமைச்சு நாடு பூரா ஆய்வு எடுத்துச்சு. பெரியவங்கள்ல நூத்துக்கு 18 பேருக்கு இனிப்புநீர். நம்ம இந்தியர்களைத் தனியாப் பார்த்தா நூத்துக்கு 31. எஸ்.பி.எம்.ல இப்படி முன்னுக்கு வந்திருந்தா மாலை போட்டிருப்போம். 2023-ல எடுத்த ஆய்வுல, நாட்டுல பெரியவங்கள்ல பாதிப் பேருக்கு மேல, 54.4 சதவீதம், உடம்பு எடை அதிகம் இல்லாட்டி பருமன். அதனால நீங்க தனி ஆளுன்னு வருத்தப்பட வேணாம், துணைக்கு நிறையப் பேர் இருக்காங்க.

இதுல மேடைக்கு மேடை ஒரு பேச்சு நடக்குது. அந்தக் காலத்துல ரப்பர் தோட்டத்துல எல்லாரும் ஆரோக்கியமாச் சாப்பிட்டாங்களாம். சொல்றவரு தோட்டத்தை எக்ஸ்பிரஸ் பஸ்சு ஜன்னல் வழியாப் பார்த்தவரா இருப்பாரு. நாங்க தின்னது என்ன? மத்தியானம் சோறு, ராத்திரி சோறு, காலையில ராத்திரி மிஞ்சின சோறு. கருவாடு, பருப்பு, சார்டின் டின்னு, லயத்துக்குப் பின்னால வளர்ந்த முருங்கைக்கீரை. டின் பாலு ஊத்தின கோப்பியில கரண்டியை விட்டா நிக்கும். சம்பளம் போட்ட அன்னிக்கு ஆட்டுக்கறி, சாயங்காலம் ஆம்பளைங்களுக்குக் கள்ளுக்கடை. இதுல எதை டயட்டுன்னு புஸ்தகம் போட்டு விப்பீங்க?

ஆனாலும் எவனுக்கும் தொப்பை கிடையாது. ஏன்னா தோட்டத்துல ஜிம்மு இருந்துச்சு மாப்ளே, மாஸ்டர் பேரு கங்காணி. விடியறதுக்கு முன்னாடி பெரட்டு. பேரு கூப்பிடறப்போ ஆளு இல்லைன்னா அன்னிக்குக் கூலி இல்ல. வெயிலு ஏறினா பாலு நின்னுடும், குளிர்ச்சியிலதான் நல்லா ஓடும், அதனாலதான் அந்த இருட்டுல அவ்வளவு அவசரம். நானூறு ஐநூறு மரம் ஒரு ஆளுக்கு. மரத்துக்கு மரம் போய் ஒட்டுப்பாலை உரிக்கணும், குனிஞ்சு உளி போடணும், மங்கைச் சரியா வெக்கணும், அடுத்த மரத்துக்கு ஓடணும். கடைசி மரத்தை வெட்டி முடிச்சதும் வீட்டுக்குப் போகலாம்னு நினைச்சுடாதீங்க, மறுபடி முதல் மரத்துலருந்து பாலு எடுக்கணும். தோள்ல காண்டாக் கம்பு, ரெண்டு பக்கமும் வாளி, மேடு, பள்ளம், கொசு, அட்டை. ஸ்டோர்ல கிராணி நிறுத்து எழுதுற வரைக்கும் நிக்கணும். அதுக்கப்புறம்தான் மலையளவு சோறு. மழை பேஞ்சா லீவு, கூலிக்கும் சேர்த்து லீவு.

அந்த உடம்பை வெச்சுப் பெருமை பேசவும் எனக்கு இஷ்டமில்ல. மலேரியா இருந்துச்சு, கொக்கிப்புழு இருந்துச்சு, ரத்தம் செத்து வெளுத்துப் போன பொம்பளைங்க இருந்தாங்க. ஒல்லியா இருந்தவங்க எல்லாம் சுகமா இருந்தாங்கன்னு யாரு சொன்னது? துரை பங்களாவுலதான் சுகம் இருந்துச்சு.

அப்புறம் கித்தாக் காட்டை அழிச்சு செம்பனை நட்டாங்க, செம்பனையை அழிச்சு வீடு கட்டினாங்க. நம்ம சனம் மூட்டையைக் கட்டிக்கிட்டு டவுனுக்கு வந்துச்சு. மாடி வீடு, பேக்டரி, செக்குரிட்டி வேலை, கொடுத்து வெச்சவங்களுக்கு உங்களை மாதிரி குளுகுளு ஆபீசு. உளி போச்சு, மங்கு போச்சு, கங்காணியும் போயிட்டான். வயிறு மட்டும் சேதி தெரியாம இன்னும் காலங்காத்தால பெரட்டுக்குப் போய்ப் பேரு குடுத்துட்டு வருது. "இன்னிக்கு ஐநூறு மரம் இருக்கு, அள்ளிப் போடு"ன்னு கேக்குது. நீங்களும் போடுறீங்க. உங்களுக்கு இருக்கறது ஒரே ஒரு கம்ப்யூட்டரு, அதையும் உட்கார்ந்துக்கிட்டேதான் வெட்டுறீங்க.

அதுக்குத்தான் கையில கடிகாரம் கட்டியிருக்கீங்க, தெரியும். பத்தாயிரம் அடி நடன்னு அது அதட்டுது. அந்தப் பத்தாயிரம் ஆராய்ச்சி பண்ணிக் கண்டுபிடிச்ச கணக்கு இல்ல மாப்ளே. 1965-ல ஜப்பான் கம்பெனி ஒண்ணு அடி எண்ணுற மிஷினை விக்கறதுக்கு அந்த எண்ணையே பேரா வெச்சுச்சு, உலகமே பிடிச்சுக்கிச்சு. யூதார் பல்கலைக்கழகத்துல படிக்கிற பேத்தி எனக்குப் படிச்சுக் காட்டினா. 2019-ல அமெரிக்காவுல பதினாறாயிரத்துச் சொச்சம் வயசான பொம்பளைங்களைக் கணக்கெடுத்தாங்களாம். ஒரு நாளைக்கு 4,400 அடி நடந்தவங்களே, ரொம்பக் கம்மியா நடந்தவங்களைவிட நல்லாத் தாக்குப் பிடிச்சிருக்காங்க. 7,500-க்கு மேல நடந்து பெருசா லாபம் தெரியல. அதனால பத்தாயிரம் ஆகலியேன்னு ராத்திரி பன்னெண்டு மணிக்கு ஹால்ல நின்ன இடத்துலயே குதிக்காதீங்க. கீழ் வீட்டுக்காரன் எனக்குப் போன் பண்றான்.

நடக்கறதுக்கு நம்ம காம்பார்ல இடமா இல்ல? ஈயம் தோண்டித் தோண்டி ஊரையே குட்டையாக்கிட்டுப் போனாங்க. 1985-ல ஈய விலை விழுந்துச்சு, லம்பம் எல்லாம் மூடுச்சு, குட்டையில தண்ணி நின்னுச்சு. 2007-ல பக்கத்துல யூதார் வந்ததும் அதே குட்டைக்கு ஏரின்னு மரியாதை. சாயங்காலம் அந்தக் கரையில சீனக் கிழவிங்க கையை வீசிக்கிட்டு நடக்கறாங்க, நான் கூட அவங்களைத் தாண்ட முடியல. நம்ம ஆளுங்க எங்கன்னு தேடினா, காரை நிறுத்தி, ஏசியைப் போட்டு, உள்ள உட்கார்ந்து ஏரியைப் பார்த்துக்கிட்டு கச்சாங் பூத்தே கொறிக்கிறாங்க. சாப்பிட்ட உடனே பத்து நிமிசம் நடந்தாலே போதும், ரத்தத்துல சீனி ஏறுற வேகம் குறையும். நடக்கற காலே அந்தச் சீனியை இழுத்து எரிச்சுக்கும். சாப்பிட்ட உடனே நீங்க நடக்கறது சோபா வரைக்கும்தான்.

தட்டு விசயத்துக்கு வாங்க. அரசாங்கம் ஒரு கணக்கு சொல்லுது, சுக்கு சுக்கு செப்பாரோ. தட்டுல கால்வாசி சோறு, கால்வாசி மீனோ கோழியோ பருப்போ, பாதி காய்கறியும் பழமும். உங்க இலையையும் பார்த்தேன். முக்கால்வாசி சோறு, கால்வாசி பொரிச்ச கோழி, ஓரத்துல விரல் நுனி அளவுக்குக் கீரை, அது திருஷ்டிக்கா? இங்க ஒரு தந்திரம் சொல்றேன், அத்தைக்குத் தெரிய வேணாம். கீரையையும் காயையும் முதல்ல முழுசா முடிச்சுட்டு அப்புறம் சோத்துல கை வைங்க. பாதி வயிறு அதுலயே நிறைஞ்சுடும், "கீரையை எவ்வளவு ஆசையாச் சாப்பிடறாரு"ன்னு மாமியார்கிட்ட நல்ல பேரும் கிடைக்கும்.

தைப்பூச விரதத்துலயும் நம்ம கெட்டிக்காரத்தனம் தெரியும். கல்லுமலைக்குக் காவடி எடுக்க நாப்பத்தெட்டு நாளு சைவம்னு இருக்கறோம். இருந்துக்கிட்டு அப்பளம், வடை, பாயசம், பொரிச்ச தவ்வு. கேட்டா, "சைவம்தானே மாமா." எண்ணெயும் சைவம்தான், சீனியும் சைவம்தான், நானும் ஒத்துக்கறேன். அந்த நாப்பத்தெட்டு நாளுல உருப்படியா நடக்கற ஒரே காரியம், கடைசி நாளு புந்தோங் மாரியம்மன் கோயில்லருந்து கல்லுமலை வரைக்கும் வெறுங்காலோட நடக்கறது. முருகன் கேட்டது அதைத்தானோ என்னமோ.

தீவாளிக்கு வீடு வீடாப் போறப்போ இன்னொரு வழி இருக்கு. நம்ம வீட்டுல வயிறாரச் சாப்பிட்டுட்டுக் கிளம்புங்க. போற வீட்டுல கையில எப்பவும் தண்ணி கிளாசு இருக்கட்டும். வெறுங்கையைப் பார்த்தா அம்மாக்களுக்குப் பொறுக்காது, தட்டைத் திணிச்சுடுவாங்க. மீறித் தட்டு வந்தா, "உங்க கையால தப்பாவ் கட்டிக் குடுங்கம்மா, வீட்டுல போய் நிதானமாச் சாப்பிடறேன்"னு சொல்லுங்க. அதை அடுத்த வீட்டுல குடுத்துடுங்க. அந்த வீட்டுக்காரரும் என்கிட்டதான் ஆலோசனை கேட்டவரு, அவரு அதுக்கடுத்த வீட்டுல குடுப்பாரு. போன தீவாளிக்கு நான் குடுத்தனுப்பின அச்சுமுறுக்கு, மாலிம் நாவார் வரைக்கும் போயிட்டு, சீனப் புத்தாண்டுக்கு ஆரஞ்சுப் பழத்தோட எனக்கே திரும்பி வந்துச்சு. உடையக்கூட இல்ல.

தே தாரிக்கைப் பத்தி ஒண்ணு சொல்லணும். 2019 ஜூலையில டின் பானத்துக்கெல்லாம் சீனி வரி போட்டாங்க, நூறு மில்லிக்கு அஞ்சு கிராமுக்கு மேல சீனி இருந்தா லிட்டருக்கு 40 சென். 2024-ல 50 சென், 2025-ல 90 சென் ஆச்சு. நல்ல காரியம்தான். ஆனா கடையில ஒரு முழத்துக்கு இழுத்து ஆத்துறானே, அந்த இழுவைக்கு யாரு வரி போடறது? அவன் ஊத்துற டின் பாலுல பாதிக்குப் பாதி சீனி. "கூராங் மானிஸ்"னு நீங்க சொன்னா அவன் தலையை ஆட்டுவான், கை பழைய அளவுக்கே ஊத்தும். தே ஓ கொசோங் கேளுங்க. முதல் வாரம் கசக்கும், என் மகளைக் கட்டிக்கிட்ட புதுசுல உங்களுக்குப் பழகலியா, இதுவும் பழகிடும்.

நாளைக்கே அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்க. ஒரு ரிங்கிட்டுதான், ரொட்டி சானாய் அந்த விலைக்குக் கிடைக்காது. ரெண்டு நாளு பட்டினி கிடந்து ரத்தம் குடுத்து டாக்டரை ஏமாத்தலாம்னு பார்க்காதீங்க. ஹெச்.பி.ஏ.ஒன்.சி.ன்னு ஒரு டெஸ்ட் இருக்கு. சிவப்பணு மூணு நாலு மாசம் உசுரோட சுத்துறப்போ அதுல ஒட்டின சீனியை அளக்கற டெஸ்ட்டு அது. கிராணி கணக்குப் புஸ்தகம் மாதிரி, நீங்க மறந்த ரொட்டி சானாயெல்லாம் அதுல ஏறியிருக்கும். காலையில ஏழு மணிக்கே போய் நம்பர் எடுங்க, கூட்டம் வந்துடும். நம்பர் கூப்பிடற வரைக்கும் அங்கேயே நாற்காலியில இருங்க. எதிர்த்தாப்புல இருக்கற மமாக் கடைப் பக்கம் தலையை நீட்டிடாதீங்க. மூலை மேசையில நான்தான் உட்கார்ந்திருப்பேன், ரெண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கிட்டா நல்லா இருக்காது.