ஒரே நாளில் நகர்ந்த கோப்பு

டெல்லி மந்திர் மார்க்கில் பிர்லா மந்திர் உண்டு, காளி பாரி உண்டு, நம்மவர் பிள்ளைகள் படிக்கும் தமிழ்ப் பள்ளியும் உண்டு. கடல்தான் கிடையாது. ஆனால் நம் நீர்மூழ்கிகளின் தலையெழுத்தை எழுதிவந்த ரைசினா குன்று இங்கிருந்து ஆட்டோவில் போகிற தூரம்.

1981-இல் ஜெர்மனியின் எச்.டி.டபிள்யூ. கப்பல் கம்பெனியோடு நான்கு நீர்மூழ்கிகளுக்கு ஒப்பந்தம் போட்டோம். இரண்டு அங்கே கீல் நகரில் கட்டி வந்தன. இரண்டை மும்பை மசகான் டாக்கில் நம் ஆட்களே கட்டினார்கள். 1987-இல் 7 சதவீதக் கமிஷன் புகார் வெடித்தது. வாங்கியவரைப் பிடித்தோமா? சேச்சே, அது மரியாதையா! அடுத்துக் கட்டவேண்டிய இரண்டு கப்பல்களைப் பிடித்து நிறுத்தினோம். ஆழ்கடல் அழுத்தம் தாங்கும் உருக்கை மயிரிழை பிசகாமல் ஒட்டக் கற்றிருந்த வெல்டர்கள் வேலையில்லாமல் கலைந்துபோனார்கள். கமிஷன் வாங்கிய கை எது என்று சிபிஐக்குக் கடைசிவரை தெரியவில்லை. தண்டனை வெல்டரின் கைக்கு.

1999-இல் ஒரு மகா திட்டம்: 2030-க்குள் 24 நீர்மூழ்கிகள். 2005-இல் பிரெஞ்சு ஸ்கார்ப்பீன் ஆறுக்குக் கையெழுத்து. 2012-இல் வரவேண்டிய முதல் கப்பல் கல்வரி 2017 டிசம்பரில் வந்தது. அதற்குப் பார்த்துவைத்த இத்தாலிய டார்ப்பிடோ வரவில்லை. தயாரிப்பாளரின் தாய் நிறுவனம் ஹெலிகாப்டர் ஊழலில் மாட்டியதால் அதுவும் ரத்து. பழைய ரக ஜெர்மன் டார்ப்பிடோவே கதி என்றாயிற்று. டீசல் நீர்மூழ்கி, பேட்டரி இறங்கினால் மேலே வந்து குழாய் நீட்டி மூச்சு வாங்கவேண்டும். எதிரி காத்திருப்பது அதற்குத்தான். வாரக்கணக்கில் அடியிலேயே கிடக்கவைக்கும் கருவி பாகிஸ்தானின் ஹம்சா நீர்மூழ்கியில் 2008-லேயே வந்துவிட்டது, அதுவும் பிரெஞ்சுச் சரக்கு. நாம் அதற்கு ஒப்பந்தம் போட்டது 2024 டிசம்பரில்.

டெல்லியில் கோப்பு நகராது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். 2013 ஆகஸ்டில் மும்பையில் சிந்துரக்ஷக் நீர்மூழ்கி வெடித்து 18 பேர் செத்தார்கள். 2014 பிப்ரவரி 26-இல் சிந்துரத்னா நீர்மூழ்கியில் புகை. உள்ளே சிக்கிய இரண்டு அதிகாரிகள் உயிரோடு திரும்பவில்லை. அன்றே கடற்படைத் தளபதி டி.கே. ஜோஷி பொறுப்பேற்று ராஜினாமா கொடுத்தார். அன்றே ஏற்றுக்கொண்டார்கள். என்ன வேகம்! கப்பல் கேட்டால் கால் நூற்றாண்டு, தளபதியை அனுப்ப ஒரு பகல். அமைச்சர் நாற்காலியில் ஒரு ஆணிகூட அசையவில்லை.

அடுத்த ஆறு கப்பலுக்கு 2025-இல் பேரம் பேச அழைத்தது யாரை? மசகான் டாக்கோடு கூட்டுச் சேர்ந்த ஜெர்மனியின் டிகேஎம்எஸ்ஸை. எச்.டி.டபிள்யூ.வை விழுங்கிய கம்பெனி. அதே கீல் நகரம், அதே கப்பல் தளம். போன தடவை கமிஷன் வாங்கியவர் உயிரோடிருந்தால் விலை பேச அவரையே அனுப்பலாம். வழியெல்லாம் தெரிந்தவர். வழக்கையும் மூடிவிட்டார்கள்.