கடைசி வரிசை அதிகாரி

ஸ்காபரோவில் இவரை நீங்கள் கட்டாயம் கண்டிருப்பீர்கள். சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பேரனைக் கூட்டிவருபவர்களில், பனிக்கோட்டுக்குள்ளே கழுத்துப்பட்டியும் கட்டியிருப்பவர். மற்ற அம்மப்பாக்கள் பிள்ளையை இறக்கிவிட்டு, ரிம் ஹோர்ட்டன்சில் கோப்பியோடு ஊர் அரசியல் பேசப் போய்விடுவார்கள். இவர் வகுப்புக்குள் நுழைந்து, கடைசி வரிசைக் கதிரையில் இருந்து, கொப்பியில் திகதி போடுவார். யாழ்ப்பாணத்தில் வட்டாரக் கல்வி அதிகாரியாக இருந்து இளைப்பாறியவர். நின்றுபோனது சம்பளம் மட்டும்தான்.

கல்விச் சபை நடத்தும் அந்த இரண்டரை மணித்தியால வகுப்பில் படிப்பிக்க ஒன்ராறியோ ஆசிரியர் சான்றிதழ் கட்டாயமில்லை. இது தெரிந்த நாளிலிருந்து அவருக்கு நித்திரையில்லை.

"பிள்ளை, பாடக்குறிப்பு எங்கை?"

படிப்பிக்கும் பெண் கைபேசியை நீட்டினாள். அதில் எந்த இடத்தில் சிவப்பு மையால் ஒப்பமிடுவது என்று தெரியாமல் மனிதர் தவித்துப்போனார்.

வீட்டு நிலைமை இன்னும் மோசம். மகள் ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஒன்ராறியோவில் புதிய ஆசிரியரை முதல் 12 மாதத்தில் அதிபர் 2 தரம் மதிப்பிடுவார். அனுபவமுள்ளவரை 5 வருடத்துக்கு ஒரு தரம்.

"ஐஞ்சு வரியத்துக்கு ஒருக்காவோ? அதையும் சொல்லிப்போட்டோ வருவினம்?"

"ஓம் அப்பா. வர முதலும் இருந்து கதைப்பம், பாத்தாப் பிறகும் கதைப்பம்."

"என்னத்தைக் கதைக்கிறது? பிழையை லொக் புத்தகத்திலை எழுதிப்போட்டு வாறதுதானே!"

அவர் அந்தக் காலத்தில் ஆசிரியர்களைத் திடீரென்று போய்ப் பிடிப்பாராம். நான் ஊரில் படித்தவன், கதை வேறு. அதிகாரியின் மோட்டார் சைக்கிள் சந்தியில் திரும்பும்போதே ஒரு பெடியன் வேலி பாய்ந்து சேதி சொல்லிவிடுவான். அவர் உள்ளே வரும்போது சுவரில் படங்கள் தொங்கும். வருடம் முழுக்க அலுமாரியில் கிடந்த உலக உருண்டை மேசையில் சுழன்றுகொண்டிருக்கும். முன்னறிவித்தல் அங்கேயும் இருந்தது, கடிதத்துக்குப் பதிலாகப் பெடியன்.

ஒவ்வொரு வருடமும் ஆசிரியர் தானே தன் கற்றல் திட்டத்தை எழுத வேண்டும் என்று கேள்விப்பட்டபோது, "கள்ளனே வாக்குமூலம் எழுதுறதோ?" என்றார். பிள்ளைகளுக்குப் பள்ளியில்லாத பி.ஏ. நாள்களில் மகள் பயிற்சிக்குப் போக, பேரப்பிள்ளைகள் அவர் பொறுப்பில். காலைச் சாப்பாட்டுக்கு முன் இடாப்புக் கூப்பிடுவார். இருப்பது இரண்டு பிள்ளைகள்.

ஆனால் ஒரு சனிக்கிழமை, 'ழ' வராமல் வகுப்பே திண்டாடியபோது அவருக்குப் பொறுக்கவில்லை. எழும்பிப் போய், மாக்கரை வாங்கி, பலகையில் பெரிய நாக்கொன்று கீறினார். "நுனியைப் பின்னுக்கு வளை. அண்ணத்திலை முட்டாதை. முட்டினால் 'ள'." பத்து நிமிடம். பிள்ளைகள் சிரித்துச் சிரித்தே 'வாழைப்பழம்' சொல்லிவிட்டார்கள். (யாழ்ப்பாணத்தில் நாங்கள் பாதிப்பேர் அதை 'ள' என்றுதான் சொல்வோம், அது அவர் கொப்பியில் ஏறவில்லை.) வகுப்பு முடிந்தபின் படிப்பிக்கும் அந்தப் பெண்ணும் அவரும் அரை மணித்தியாலம் இருந்து கதைத்தார்கள். மகள் சொன்ன அதே கதைப்புத்தான். அவர் மட்டும் அதை ஒத்துக்கொள்ளமாட்டார்.

சனிக்கிழமை படிப்பிக்கும் பிள்ளைகளே, கழுத்துப்பட்டிக்காரர் உங்கள் வகுப்புக்கும் வருவார். கொப்பியை வாங்கி வைத்துவிட்டு, மாக்கரைக் கையில் கொடுத்துவிடுங்கள்.