அப்பாவின் இன்னொரு முகம்

கேள்வி: மறைந்த என் அப்பாவைப் பற்றி அவருடைய பழைய சிநேகிதர் சொல்வதைக் கேட்டால், நாங்கள் பார்த்த அப்பாவே இல்லையே! எதை நம்புவது?
– ஒரு வாசகி, பாளையங்கோட்டை

பதில்: இரண்டையும்தான். மார்க் ஷீட்டைப் பார்த்து முறைத்தவர் உங்கள் அப்பா. வகுப்பைக் கட் அடித்துவிட்டு சினிமாவுக்குப் போனவர் அந்தப் பெரியவரின் சிநேகிதர். ஆள் ஒருவரேதான்!

எழுத்தாளர் புதுமைப்பித்தன் 1948இல், 42 வயதில் மறைந்தபோது அவருடைய மகள் சின்னஞ்சிறு குழந்தை. அவருடைய இளம் நண்பர் தொ.மு.சி. ரகுநாதன் 1951இல் எழுதிய ‘புதுமைப்பித்தன் வரலாறு’தான், கதைகளுக்குப் பின்னால் இருந்த மனிதரை நமக்குக் காட்டியது. நண்பர்கள் எழுதாவிட்டால், பேசாவிட்டால், பாதி அப்பாக்கள் வெறும் போட்டோதான்.

அதனால் பெரியவருக்கு நல்ல காபி கொடுத்து, அவர் சொல்வதை செல்போனில் பதிவு செய்துகொள்ளுங்கள். அம்மா பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்துக் கேளுங்கள். அப்போதுதான் முழுக் கதையும் வரும்!